மச்சானுக்கு ஊற்றிய சூப்

ஆகஸ்ட் 10, ஞாயிறு

கால்பந்து சீசன் இன்று ஆரம்பம். வழக்கம்போல மொத்தக் குடும்பமும் மாடியில், மச்சான் வீட்டில். கதவைக் கழற்றிச் சுவரில் மாட்டிய மாதிரி ஒரு டிவி வாங்கி வைத்திருக்கிறான் என் பெண்டாட்டியின் தம்பி. நான் உட்கார்ந்து சோபா சூடாவதற்குள் எதிரணி கோல் போட்டுவிட்டது.

"மாமா, நீங்க கொஞ்சம் சமையல்கட்டுல போய் இருங்க. நீங்க பாத்தாலே நம்ம பசங்களுக்குக் காலு பின்னுது."

எல்லாரும் சிரித்தார்கள். என் பெண்டாட்டிதான் அதிகம் சிரித்தாள். பாத்திரம் கழுவும் தொட்டி ஓரமாக ஸ்டூல் போட்டு உட்கார்ந்தேன். உடனே நம் அணி வரிசையாக இரண்டு கோல் போட்டுத் தொலைத்தது.

யாரைப் பார்த்து ராசியில்லாதவன் என்கிறான்? பம்பு கம்பெனி அணிக்கு நான் ஆடிய காலத்தில், அடித்த பந்து வலையைக் கிழித்து, பின்னால் நின்ற லாரியின் கண்ணாடியையும் உடைத்தது. டிரைவரே இறங்கி வந்து கை கொடுத்தார்.

ஆகஸ்ட் 11

தூக்கம் இல்லை. அவனை விடப்போவதில்லை.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

ஆட்டம் தொடங்குமுன் கோழி சூப் வைத்தேன். பூண்டைத் தட்டிப் போட்டு, மிளகைக் கருக வறுத்து. மாடிப்படி வழியாக வாசம் தானே ஏறிப் போனது. முதலில் கொழுந்தியாள் இறங்கினாள், பின்னாலேயே அவள் வீட்டுக்காரர், கடைசியில் என் மகள். ஒரு கப்பலின் தலைமைச் சமையல்காரர் சாகும்போது எனக்கு மட்டும் சொல்லிக்கொடுத்த சூப் என்றேன்.

"நீங்க எப்பங்க கப்பல்ல போனீங்க?" என்றாள் பெண்டாட்டி.

கரையில் நின்று பார்த்திருக்கிறேன். அது போதாதா?

ஒரு சட்டமும் போட்டேன்: இனி ஒவ்வொரு ஆட்டமும் இங்கே கீழே, எங்கள் பழைய டிவியில், கூடவே சூப். நம் அணி கோல் போட்டால்தான் மூடி திறக்கும்.

மேலே மச்சானும் அவன் கதவு டிவியும் தனியாக. ஆகா, என்ன நிம்மதி.

ஆகஸ்ட் 25

நேற்றைய ஆட்டத்தில் கோலே விழவில்லை. மூடியைத் திறக்கவும் இல்லை நான்.

"ஆடத் தெரியாதவனுங்களுக்காக நாங்க ஏன் பட்டினி கெடக்கணும்?" என்றாள் கொழுந்தியாள். சட்டம் சட்டம்தான் என்றேன். முறைத்துக்கொண்டே போனவள் இன்று காலையில் கிண்ணத்தோடு வந்து நின்றாள். ஊறின சூப்புக்கு ருசி அதிகமாம்.

செப்டம்பர் 7

வந்தான். கையில் அவன் வீட்டுக் கிண்ணம், முகத்தில் அசட்டுச் சிரிப்பு. "மாமா, மேல ஒத்தையா பாக்க என்னமோ மாதிரி இருக்கு."

இதற்காகத்தானே காத்திருந்தேன். "வாங்க மச்சான், உக்காருங்க. ராசியில்லாதவன் கை சூப்பு, பரவால்லையா?"

"பழசை விடுங்க மாமா."

எப்படி விடுவது? முதல் கோல் விழுந்ததும் மூடியைத் திறந்து எல்லாருக்கும் ஊற்றினேன். அவன் கிண்ணத்தில் மட்டும் ஒரு கைப்பிடி மிளகாய்த்தூள்.

ஒரே மடக்கு. காது சிவந்தது. கண்ணிலும் மூக்கிலும் தண்ணீர். பேச வாயைத் திறக்கிறான், சத்தம் வரவில்லை. என் நெஞ்சு அப்படியே குளிர்ந்தது.

அந்த நேரம் பார்த்து நம் அணி இரண்டாவது கோல் போட்டது.

"மாமா," என்றான் தொண்டை கம்மி, "இதான் ராசி. இன்னொரு கிண்ணம் ஊத்துங்க."

செப்டம்பர் 14

இன்று ஆட்டம். வாசலில் செருப்பு வைக்க இடமில்லை. எல்லாருக்கும் மச்சானுக்கு ஊற்றிய மாதிரியேதான் வேண்டுமாம். கண்ணைத் துடைத்துக்கொண்டே குடிக்கிறார்கள். இனி வருஷா வருஷம் இப்படித்தான் என்று அவனே அறிவித்துவிட்டான், என் நாற்காலியில் சாய்ந்துகொண்டு.

நான் அடுப்படியில். யாராவது ஒருத்தர் கிண்டிக்கொண்டிருக்க வேண்டுமே. எட்டிப் பார்க்கலாம் என்று கரண்டியோடு கிளம்பினேன்.

"மாமா, அங்கயே இருங்க, வராதீங்க. பந்து நம்மகிட்ட இருக்கு."

திரும்பிவிட்டேன். இரண்டாவது கைப்பிடி மிளகாய்த்தூளையும் அள்ளிப் போட்டேன்.

கூடத்தில் பெரிய கூச்சல். மூடியைத் திறந்தேன்.