இரண்டு ஜோடி ஷூ

மகனுக்கு,

மார்மன் சபை ஊழியத்துக்கென்று நீ விமானம் ஏறிய அன்றே உன்னைத் தலைமுழுகிவிட்டேன். அதில் மாற்றமில்லை.

நேற்று உன்னைப் போலவே வெள்ளைச் சட்டையும் பெயர்ப்பட்டையுமாக இரண்டு வெளிநாட்டுப் பையன்கள் நம் செருப்புக் கடைக்குள் நுழைந்தார்கள். விரட்டத்தான் எழுந்தேன். ஒருவனின் ஷூவிலிருந்து கட்டைவிரல் எட்டிப் பார்த்தது. உட்காரச் சொல்லி டீ வரவழைத்தேன். உங்கள் சபையில் டீ குடிக்கக் கூடாதாம்! பால் வாங்கிக் கொடுத்தேன்.

"என்ன, விரட்டலையா?" என்று உன் அம்மா சிரித்தாள்.

"நம்ம புள்ளையை அங்க எவனாச்சும் உட்காரச் சொல்லுவான்ல?" என்றேன். வாய் தவறிவிட்டது.

செருப்புக் கடைக்காரன் மகன் ஓட்டை ஷூவோடு வீடு வீடாகக் கதவு தட்டினால் என் வியாபாரம் என்னாவது? இரண்டு ஜோடி அனுப்புகிறேன். ஊழியத்தில் யாரும் தனியாக நடக்கக் கூடாதாமே, இந்தப் பையன்கள் சொன்னார்கள். உன்னோடு நடப்பவனின் கால் அளவை எழுது.

உன் அளவு எனக்குத் தெரியும்.

இப்படிக்கு,
உன்னைத் தலைமுழுகிய அப்பா