செவ்வாய்க்கிழமை முட்டை

ஹேவாஹெட்ட,
19.06.2025

அன்பு மகள் சிந்துஜாவுக்கு,

அப்பா எழுதுவது. நாங்கள் மூன்று பேரும் சுகம் என்று எழுதத்தான் பேனையை எடுத்தேன், ஆனால் இரண்டு பேருக்குத்தான் அதை உறுதியாகச் சொல்ல முடிகிறது. பயப்படாதே, உன் பிள்ளை லோஜினிக்குக் காய்ச்சலோ வாந்தியோ இல்லை, ஓடியாடித்தான் திரிகிறாள். கத்தாரில் இப்போது வெயில் தாங்க முடியாது என்று ஜமால்தீன் நானாவின் மகன் ரிஸ்மி சொன்னான், தண்ணீர் நிறையக் குடி. லீவில் வந்த ரிஸ்மி சனிக்கிழமை அங்கே திரும்புகிறான், இதை அவன் கையில்தான் கொடுத்தனுப்புகிறேன். ஃபோன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பாய். நம் லயத்து ஒற்றையறைக் காம்பிராவில் ஃபோனில் பேசினால் அடுத்த வீட்டுக்கும் கேட்கும், பக்கத்தில் படம் கீறிக்கொண்டிருக்கிற பிள்ளைக்குக் கேட்காதா? உன் அம்மாவிடம்கூட இன்னும் முழுதாகச் சொல்லவில்லை.

ஜனவரியிலிருந்து பள்ளிக்கூடத்துச் சாப்பாட்டை மாற்றியிருக்கிறார்கள் அல்லவா, முன்பு வெறும் சோறும் தண்ணீர்ப் பருப்பும்தான், இப்போது செவ்வாயும் வியாழனும் ஆளுக்கொரு முழு முட்டை, மற்ற நாட்களில் பயறு, நெத்தலி, கீரைச் சுண்டல், வாழைப்பழம் என்று அட்டையில் எழுதிச் சுவரில் ஒட்டியிருக்கிறார்கள். சாப்பாடு உடம்பில் ஒட்டுகிறதா என்று பார்க்க பிள்ளைகளைத் தராசில் நிறுத்தும் பார்க்கிறார்கள். சுவரில் ஒட்டியதெல்லாம் தட்டுக்கு வந்துவிடும் என்று நம்புகிற ஆள் நான் இல்லை, உனக்குத் தெரியும். இருபத்திரண்டு வருடம் மலையில் தேயிலைக் கொழுந்து நிறுத்தவன். ஈரத்துக்கு என்றும் சாக்குக்கு என்றும் கிலோக் கணக்கில் கழித்த கை இது, உன் அம்மாவின் கொழுந்திலேயே கழித்தேன், அதை அவள் இன்றுவரை சொல்லிக் காட்டுகிறாள். நானே அப்படி என்றால் மற்றவர்களை எப்படி நம்புவது?

ஜனவரியில் லோஜினி இருபது கிலோ. மார்ச்சில் பத்தொன்பதரை. மே மாதம் பத்தொன்பது. வகுப்பில் மற்றப் பிள்ளைகள் ஒரு கிலோ, ஒன்றரைக் கிலோ என்று ஏறியிருக்கிறார்கள், இவள் பக்கத்தில் உட்காரும் மதனி இரண்டரைக் கிலோ ஏறியிருக்கிறாள். எட்டு வயதுப் பிள்ளை வளர வளர இறங்குவதாவது? ஞாயிற்றுக்கிழமை ஃபோனில் உன் முதல் கேள்வியே கிலோதான், நான் ஏதோ சொல்லி மழுப்பிக்கொண்டு வந்தேன், அதற்காக மன்னித்துக்கொள்.

முதலில் தராசைத்தான் சந்தேகப்பட்டேன். கடையில் ஐந்து கிலோ மாப் பை ஒன்றை உடைக்காமல் வாங்கிக்கொண்டு போய் பள்ளிக்கூடத்து அதிபர் பார்க்கப் பார்க்கத் தராசில் வைத்தேன், ஐந்து காட்டியது. தராசைத் திருப்பி வைத்து மறுபடி நிறுத்தேன், அதே ஐந்து. அது யோக்கியமான தராசாக இருந்ததில் எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான்.

அதற்குப் பிறகு சமைக்கிற சுபாஜினி மேல் கண் போயிற்று. மேல் லயத்தில் இருக்கிறாளே, புருஷன் இல்லாமல் இரண்டு பிள்ளைகளை வளர்க்கிறவள், அவள்தான் வீட்டில் சமைத்து இரண்டு பெரிய சட்டியில் கொண்டுவருகிறாள். அவள் வீட்டு நாயைப் பார்த்தாயானால் நீயும் சந்தேகப்படுவாய், அவ்வளவு கொழுப்பு. பிள்ளைகளுக்குப் போடுமுன் பெற்றோரில் ஒருவர் ருசி பார்த்துக் கையெழுத்து வைக்க வேண்டும் என்று ஒரு முறை இருக்கிறது. வேலைக்குப் போகிறவர்களுக்கு அது தொல்லை, நான் போகிறேன் என்று அவர்கள் முறையையும் நானே எடுத்துக்கொண்டேன். முட்டையை எண்ணினேன், அறுபத்து நாலு பிள்ளைக்கு அறுபத்து நாலு. பருப்பைக் கரண்டியால் தூக்கி ஊற்றிப் பார்த்தேன். ஒன்றும் பிடிபடவில்லை. உன் அம்மா மட்டும், "புள்ளைங்க ஏறுதோ இல்லையோ, நீங்க நல்லா ஏறிட்டீங்க" என்றாள்.

பிடிபடாவிட்டால் விட்டுவிட வேண்டியதுதானே, விடவில்லை. போன வாரம் பெற்றோர் கூட்டத்தில் எழுந்து நின்று, தராசு சரி, பிள்ளைக்கு நோயும் இல்லை, அப்படியானால் சாப்பாடு எங்கே போகிறது என்று கேட்டுவிட்டேன். பேரைச் சொல்லவில்லை, சொல்லாவிட்டால் என்ன, எல்லோரும் சுபாஜினியைத்தான் திரும்பிப் பார்த்தார்கள். அவள் முகம் செத்துப்போயிற்று. ஆனாலும் எழுந்து, "மாமா, செவ்வாக்கிழம நீங்களே வந்து பரிமாறுங்க. ஒங்க பேத்தி தட்டுல என்னா விழுது, அது எங்க போவுதுன்னு ஒங்க கண்ணாலயே பாருங்க" என்றாள். அவளுக்கு ஏதோ தெரிந்திருக்கிறது என்று அப்போதே எனக்குப் பட்டது, அதையும் திருட்டுப் பேச்சு என்றுதான் எடுத்துக்கொண்டேன்.

முந்தாநாள் செவ்வாய். நானே பரிமாறினேன். சட்டியில் இருந்ததிலேயே பெரிய முட்டையாகப் பார்த்து லோஜினி தட்டில் வைத்தேன், சோறும் ஒரு கரண்டி கூட. பிறகு வெளியே போய் ஜன்னலோரம் நின்றேன், சுபாஜினியும் வந்து நின்றாள். நம் பிள்ளை, ஆசிரியை அந்தப் பக்கம் திரும்பும்வரை காத்திருந்து முட்டையை எடுத்து மதனி தட்டில் வைத்தாள். அந்தப் பிள்ளை ஏன் என்றுகூடக் கேட்காமல் சாப்பிட்டது, பழக்கமான காரியம் போல. சோற்றிலும் பாதியை லோஜினி அதன் தட்டுக்கே தள்ளிவிட்டாள். சுபாஜினி என்னை ஒரு வார்த்தை குத்திப் பேசவில்லை, பேசியிருக்கலாம். "பத்து நாளா பாக்குறேன் மாமா, கேட்டா சொல்ல மாட்டேங்குது, நான் சொன்னா நீங்க நம்பவா போறீங்க" என்று மட்டும் சொன்னாள். அங்கேயே அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். அடுத்த கூட்டத்திலும் எல்லோர் முன்னாலும் கேட்பேன்.

வீட்டுக்குக் கூட்டிவரும்போதும் என் புத்தி போகவில்லை, மதனி மிரட்டிப் பிடுங்குகிறாளா, யாராவது ஏதாவது சொன்னார்களா என்று துருவித் துருவிக் கேட்டேன். எல்லாவற்றுக்கும் இல்லை இல்லை என்று தலையாட்டினாள். பெரிய வளைவு தாண்டியதும் தானாகவே நின்று, "அம்மாதானே சொன்னாங்க, கிலோ ஏறலன்னா வேலைய விட்டுட்டு வந்துருவேன்னு" என்றாள். பிப்ரவரியில் நீ ஃபோனில் அழுதுகொண்டு என்னிடம் சொன்னாயே, அதுதான். நான் மறந்துவிட்டேன். நீயும் மறந்திருப்பாய். பக்கத்தில் இருந்து கேட்ட அவள் அதைப் பிடித்துக்கொண்டு நாலு மாதமாகப் பசியோடு இருந்திருக்கிறாள். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஒரு கிலோ கொறைஞ்சிருச்சே தாத்தா, இன்னும் எத்தன கிலோ கொறைஞ்சா வருவாங்க?" என்று கேட்டாள். இத்தனை வருடம் எத்தனையோ பேர் கொழுந்தை நிறுத்தேன் மகளே, கிலோவை வைத்து யாரும் என்னிடம் இப்படிக் கேட்டதில்லை.

அம்மாவுக்கு எழுதிக் கேட்கிறேன், அதுவரை முட்டையைச் சாப்பிடு என்றேன். என் பேத்தி அல்லவா, என்னையே சந்தேகமாகப் பார்த்தாள். பாதி சாப்பிடுகிறேன், பதில் வந்தால் மீதியையும் சாப்பிடுகிறேன் என்றாள். இன்று வியாழன், பாதி சாப்பிட்டாளாம், சுபாஜினி வந்து சொல்லிவிட்டுப் போனாள், நான் போய்ப் பார்க்காமலே நம்பினேன்.

உன்மேல் குற்றம் சொல்ல எழுதவில்லை. தாய் மனசு, பயத்தில் வாயில் வந்ததைச் சொன்னாய். மாப்பிள்ளை கணேஸின் கொழும்புச் சம்பளம் எதற்கும் போதாமல்தானே நீ போனாய், நினைத்தபடி பாதியில் திரும்ப முடியாது என்பதும் எனக்குத் தெரியும். ஒன்று மட்டும் செய். இனிமேல் அவளிடம் கிலோவைக் கேட்காதே. எப்போது வருகிறாய் என்று ஒரு தேதியைச் சொல், அடுத்த வருடமானாலும் பரவாயில்லை, கலண்டரில் வட்டம் போட்டுக் காட்டுகிறேன். ஆறுதலுக்காக ஒரு தேதியைச் சொல்லிவிடாதே. நீ எந்தத் தேதி சொன்னாலும் நான் சந்தேகப்படுவேன், அவள் நம்பிவிடுவாள்.

நீ நேரத்துக்குச் சாப்பிடு, உன் தட்டை எட்டிப் பார்க்க அங்கே நான் இல்லை. பிள்ளையார் துணையிருப்பார், நோய்நொடி இல்லாமல் நீடூழி வாழ நானும் அம்மாவும் ஆசீர்வதிக்கிறோம். ஞாயிற்றுக்கிழமை மறந்துவிடாமல் ஃபோன் எடு, மீதிப் பாதி முட்டை உன் பதிலுக்காகத்தான் நிற்கிறது.

இப்படிக்கு
உன் அன்பு அப்பா
பழனியாண்டி