எட்டு பத்து வண்டியும் வேடந்தாங்கலும்

20-1-92, திங்கள்

பொங்கல் லீவு முடிந்து இன்று ஆபீஸ். எட்டு பத்து பீச் வண்டியில் ஏறி வழக்கம்போல இடம் போட்டேன். ஜன்னல் எனக்கு. பக்கத்தில் கர்ச்சீஃப், அது பேபி அக்காவுக்கு. அவள் சானடோரியத்தில் ஏறுவாள், சேத்துப்பட்டில் ஒரு பள்ளியில் தையல் டீச்சர். எதிரில் குடை, குரோம்பேட்டை கனகவல்லிக்கு. எழும்பூரில் டைப்பிஸ்ட், தபாலில் எம்.ஏ. வரலாறு படிக்கிறாள். குடைக்குப் பக்கத்தில் டிபன் பை, பல்லாவரத்தில் பூக்கூடையோடு ஏறும் அஞ்சம்மாளுக்கு. கீழ்க்கட்டளையில் பூக் கட்டி, மாம்பலத்தில் விற்கிறவள். வண்டி தாம்பரத்தில் கிளம்புவதால் இந்த வேலை பதினோரு வருஷமாக என் தலையில். நின்றுகொண்டு முறைப்பவர்களிடம் "ஆள் வருதும்மா" என்று சொல்லிச் சொல்லி எனக்குக் கொஞ்சம் கெட்ட பெயர்கூட உண்டு.

ஆபீஸில் ஒரு உறை கொடுத்தார்கள். பதவி உயர்வு. கண்காணிப்பாளர், செங்கல்பட்டு. மார்ச் இரண்டாம் தேதி சேர வேண்டும், ஒப்புதலோ மறுப்போ பிப்ரவரி பத்துக்குள் எழுதித் தர வேண்டும்.

இப்போதைய பீச் ஆபீஸ் வடக்கே. செங்கல்பட்டு தெற்கே. உறையைப் பையில் போட்டுவிட்டேன். சாயங்கால வண்டியில் யாரிடமும் மூச்சு விடவில்லை.

21-1-92

வீட்டில் அவரிடம் சொன்னேன். கடையிலிருந்து வந்து பெயின்ட் கறையோடு உட்கார்ந்திருந்தார். "இதுல யோசிக்க என்ன இருக்கு? போ" என்றார்.

ரயில்ல எங்க நாலு பேரும்... என்று இழுத்தேன்.

"அது ரயில் சிநேகம், காந்தி. ஸ்டேஷன் வந்தா எறங்கிடறது."

ரசத்தில் இன்று மிளகு சற்றுக் கூடுதல். வேண்டுமென்றே இல்லை என்று சொல்ல மாட்டேன்.

22-1-92

ஆனால் அவர் சொன்னது முள்ளாக உட்கார்ந்துவிட்டது. பதினோரு வருஷத்தில் நாங்கள் நாலு பேரும் ரயிலுக்கு வெளியே ஒரு காபி குடித்ததில்லை. கனகவல்லியை நான் முழு உயரத்தில் பார்த்ததே நாலைந்து தடவைதான். பெட்டியை விட்டு இறங்கினால் இவர்கள் எனக்கு யார்? நான் இவர்களுக்கு யார்? அது தெரியாமல் எந்தத் தாளில் கையெழுத்துப் போடுவது?

இந்த யோசனையில் இருந்தபோது பேபி அக்கா பேப்பரில் வெட்டிய ஒரு துண்டை நீட்டினாள். வேடந்தாங்கலில் இந்த வருஷம் ஏரி நிறைந்து பறவைகள் ஏராளமாம். "நாப்பது மைல்ல இருக்கு, நாம பாத்ததில்ல பாரு" என்றாள்.

போகலாமா என்று கேட்டேன். என் வாயிலிருந்து வந்ததை நானே நம்பவில்லை. மூன்று பேரும் சரி என்றார்கள், கிண்டியில் நின்றுகொண்டிருந்த முன்பின் தெரியாத ஒரு அம்மாள் உட்பட.

24-1-92

இரண்டு நாள் பயணம், சனி ஞாயிறு, மகாபலிபுரத்தில் தங்கல் என்று ஆரம்பித்தோம். ஞாயிறு காலை சர்ச் பாடகர் குழுவில் பேபி அக்கா இல்லாவிட்டால் சுதி சேராதாம். கனகவல்லியின் மாமியார் வெளியூர்த் தங்கல் என்ற சொல்லைக் கேட்டதும் படுத்துவிட்டாளாம். அஞ்சம்மாளுக்கு ஞாயிறு முகூர்த்தம். சைதாப்பேட்டை வருவதற்குள் மகாபலிபுரம் கடலில் போய்விட்டது. ஒரே நாள், பிப்ரவரி எட்டு, இரண்டாம் சனிக்கிழமை.

27-1-92

சாயங்கால வண்டியில் சண்டை. பறவை சாயங்காலம்தான், அது முடிவு. அதற்கு முன்னால் என்ன? கனகவல்லிக்கு உத்திரமேரூர் கல்வெட்டு பார்த்தாக வேண்டும். அஞ்சம்மாளுக்குத் திருக்கழுக்குன்றம்.

"உச்சி வேளைக்கு ரெண்டு கயுகு வந்து பொங்கல் துன்னுட்டு போவுதாம்க்கா. இப்பல்லாம் சில நாள் வர்றது இல்லியாம். நா போற அன்னிக்கு வருதா பாக்கணும்."

ஒன்று கிழக்கே, ஒன்று மேற்கே. கனகவல்லி உடனே, உத்திரமேரூரில் ஆயிரம் வருஷம் முன்னால் ஓலையில் பெயர் எழுதிக் குடத்தில் போட்டு எடுத்தார்களே, அப்படியே செய்வோம் என்றாள். குடத்துக்கு என் டிபன் டப்பா. இரண்டு சீட்டு. கிண்டியில் ஏறிய ஒரு சின்னப் பெண் எடுத்துக் கொடுத்தது. திருக்கழுக்குன்றம் வந்தது. கனகவல்லி மீனம்பாக்கம் வரை பேசவில்லை, பிறகு இரண்டு இடத்துக்கும் போவோம் என்று நான் சொன்னதும் சரியாகிவிட்டாள். டப்பாவில் தயிர்சாதம் ஒட்டியிருந்ததை யாரும் சொல்லவில்லை.

31-1-92

அவர் கடைக்குப் பக்கத்தில் வேன் நிறுத்தும் சேட்டுவிடம் பேசினேன். என் திட்டத் தாளை, அதில் நிமிஷக் கணக்குகூட இருக்கிறது, மேலிருந்து கீழாகப் படித்தான்.

"இன்னா மேடம், ஒரே நாள்ல மூணு ஊரா? வண்டி பூடும். நீங்கோ நாலு பேரும் எறங்கி ஏர்றதுக்குதான் டயம் பத்தாது."

அவனுக்கு எங்களைத் தெரியாது. அரை நிமிஷம் நிற்கும் ரயிலில் ஏறி இறங்குகிறவர்கள் நாங்கள்.

3-2-92

பேபி அக்கா கேக். கனகவல்லி புளியோதரை. அஞ்சம்மாள் கருவாட்டுத் தொக்கு, தனி டப்பாவில், தனிப் பையில், கனகவல்லியிடமிருந்து தனியாக. நான் இட்லி, அறுபது. எதற்கு அறுபது என்று அவர் கேட்டார். எனக்கே தெரியவில்லை.

உறை இன்னும் பையில்தான். வேடந்தாங்கலில் சொல்லிக்கொள்ளலாம்.

7-2-92, வெள்ளி

நாளை எட்டரைக்கு, தாம்பரம் ஸ்டேஷனுக்கு வெளியே, ஜி.எஸ்.டி. ரோட்டுப் பக்கம். மூன்று தடவை சொல்லிவிட்டேன். மூன்று பேரும் மூன்று தடவை தலையாட்டினார்கள்.

8-2-92, சனி. காலை 9.20, வேனுக்குள்

ஒருத்தியும் வரவில்லை.

எட்டேகாலிலிருந்து நிற்கிறேன். தெற்கே வந்த ஒவ்வொரு வண்டிக்கும் படி இறங்கி வரும் முகங்களைப் பார்த்தாயிற்று. ஒருத்திக்கு உடம்பு சரியில்லை என்றால் இன்னொருத்தி வந்திருப்பாள். மூணு பேருக்குமா?

போய்க் கேட்கலாம் என்றால் எங்கே போவது? பேபி அக்காவுக்கு எந்த முட்டியில் வலி என்று தெரியும். கனகவல்லியின் மாமியார் எந்த மாத்திரை எத்தனை மணிக்குப் போடுகிறாள் என்று தெரியும். அஞ்சம்மாள் பெண்ணைப் பார்க்க வந்தவன் காது எப்படி இருந்தது என்றுகூடத் தெரியும். தெருப் பெயர் தெரியாது. ஒருத்தியுடையதும் தெரியாது. பதினோரு வருஷம் என்னத்தடி பேசின நீ?

அவர் சொன்னதுதான் சரி. ஸ்டேஷன் வந்தா எறங்கிடறது. எனக்கு அழுகை வருது, சேட்டு கண்ணாடியில பாக்கறான், நான் மூக்குச் சளின்னு சொல்லிட்டேன். இட்லி வேற சூடு ஆறுது. திங்கட்கிழமை கையெழுத்து போட்டுட்டு போயிட்டே இருக்க வேண்டியதுதான். யாருக்கு நஷ்டம்?

இன்னும் பத்து நிமிஷம் பார்ப்போம் என்கிறான் சேட்டு. அவன் இதுவரை எட்டு இட்லி தின்றாயிற்று.

9-2-92, ஞாயிறு காலை

கால் வலிக்கிறது, ஆனால் எழுதாவிட்டால் மறந்துபோகும்.

ஒன்பதே முக்காலுக்குப் படியில் பேபி அக்கா தெரிந்தாள். பின்னால் கனகவல்லி. அதற்கும் பின்னால் பூக்கூடை, அதன் கீழே அஞ்சம்மாள். மூன்று பேரும் என் முகத்தைப் பார்க்காமலே வந்தார்கள்.

நடந்தது இதுதான். பேபி அக்கா தாம்பரம் வண்டி பிடிக்கச் சானடோரியம் ஸ்டேஷனுக்கு வந்திருக்கிறாள். கால் தானாக வழக்கமான பக்கம் போய், வழக்கமான தூணுக்குப் பக்கத்தில் நின்றது. எட்டு பத்து வண்டி வந்தது. ஏறிவிட்டாள். குரோம்பேட்டையில் கனகவல்லியும் அதே வேலை செய்தாள், உள்ளே பேபி அக்கா உட்கார்ந்திருப்பதைப் பார்த்ததும் அவளுக்குச் சந்தேகமே வரவில்லை. பல்லாவரத்தில் அஞ்சம்மாள், ஊர் சுற்றப் போகிற நாளில், முழுப் பூக்கூடையோடு. உட்கார்ந்து மூன்று பேரும் நம் பயணத்தைப் பற்றியே சுவாரசியமாகப் பேசிக்கொண்டு பயணத்துக்கு நேரெதிராகப் போயிருக்கிறார்கள். செங்கல்பட்டு எத்தனை மணிக்கு வரும் என்று கனகவல்லி கேட்டாளாம். எம்.ஏ. வரலாறு. பூகோளம் இல்லை.

"அப்ப நான் இல்லேன்னு ஒருத்திக்கும் தோணலையா?" என்று கத்தினேன்.

"தோணாம இன்னா? ஒனக்கு சீட்டு போட்டுகினுதானே வந்தோம்" என்றாள் அஞ்சம்மாள்.

ஜன்னல் இடத்தில் பேபி அக்காவின் கர்ச்சீஃபைப் போட்டு, நான் எந்த ஸ்டேஷனிலாவது ஏறிவிடுவேன் என்று காத்திருக்கிறார்கள். தாம்பரத்தில் ஏறுகிறவள் நான், நடுவில் எப்படி ஏறுவேன் என்று யோசிக்க நேரமில்லை, ஏனென்றால் கிண்டியில் ஒரு அம்மாள் அந்த இடத்தில் உட்காரப் பார்த்தாள். அஞ்சம்மாள் கூடையைக் குறுக்கே வைத்து, "ஆள் வருதும்மா" என்றாளாம். எங்கே வருது என்று அந்த அம்மாள் கேட்க, சண்டை முற்றி, கர்ச்சீஃபின் ஒரு முனை கிழிந்து, மாம்பலம் போர்டைப் பார்த்த பிறகுதான் மூன்று பேருக்கும் உலகம் தெளிந்தது. இறங்கும்போதும் கர்ச்சீஃபை எடுத்துக்கொண்டுதான் இறங்கினார்களாம். அந்த அம்மாளுக்கு இடம் விட்டுக் கொடுக்கவில்லை என்பதில் கனகவல்லிக்கு இன்னும் பெருமை.

கிழிந்த கர்ச்சீஃபைப் பார்த்தேன். கோபம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை.

பத்துக்குக் கிளம்பினோம். உச்சி வேளைக்குள் மலையேற முடியாது என்பதால் கழுகு கிடையாது. அஞ்சம்மாள் முகம் ஒரு நிமிஷம் வாடியது. "பரவால்லக்கா. கயுகு நாளைக்கும் வரும். நாம நாலு பேரும் வர்றதுதான் பேஜாரு" என்றாள்.

உத்திரமேரூரில் நடை சாத்தியிருந்தது. கல்வெட்டு வெளிச்சுவரில்தான், கனகவல்லிக்குக் கவலையில்லை. விரலால் எழுத்தைத் தொடாமல் தொட்டுப் படித்தாள். உறுப்பினர் ஆக முப்பத்தைந்து வயது ஆகியிருக்க வேண்டும், சொந்த மனையில் வீடு வேண்டும்... "வயசு மட்டும் நாலு பேருக்கும் இருக்கு" என்றாள் பேபி அக்கா. மிச்சப் பூவை மதுராந்தகத்தில் ராமர் கோயில் வாசலில் உட்கார்ந்து அரை மணியில் விற்றுத் தீர்த்தாள் அஞ்சம்மாள். நாங்கள் மூன்று பேரும் சுற்றி உட்கார்ந்து முழம் போட்டோம். நான் போட்ட முழம் பெரிது என்று திட்டு வாங்கினேன்.

வேடந்தாங்கல் ஏரிக்கரை, ஐந்து மணி. தண்ணீருக்குள் மரங்கள், மரம் முழுக்க வெள்ளை வெள்ளையாகப் பறவை. அதற்கு மேல் இன்னும் வந்துகொண்டே இருந்தன. ஒரு கூழைக்கடா இறங்கியதும் கிளை அப்படியே தாழ்ந்து, பக்கத்தில் இருந்த நாரை இறக்கையை விரித்துக்கொண்டு கத்தியது. கிண்டி ஸ்டேஷன் லேடீஸ் பெட்டி மாதிரியே இருந்தது. பேபி அக்கா வாயைத் திறந்தபடி பார்த்துக்கொண்டே இருந்தாள். அஞ்சம்மாள்தான், "காலைல போறப்ப சீட்டு போட்டு வச்சிட்டு போயிருக்கும் போலக்கா. பாரு, அதது கிளைக்குத்தான் வருது" என்றாள்.

அங்கே சொன்னேன். உறையை எடுத்துக் காட்டினேன்.

"எப்ப வந்துச்சு?" என்றாள் பேபி அக்கா.

"இருபதாம் தேதி."

"பத்தொம்பது நாளா வாயில கொழுக்கட்டையா வச்சிருந்த?" நிஜக் கோபம். முதுகைத் திருப்பிக்கொண்டாள்.

வேண்டாம் என்று எழுதிக் கொடுக்கத்தான் பாதி மனசு, நீங்களே சொல்லுங்கள் என்றேன். கனகவல்லி என் திட்டத் தாளை வாங்கி மூன்றாகக் கிழித்தாள். போ, போகாதே, ஆளுக்கு ஒன்று எழுதி டப்பாவில் போட வேண்டும், நான் எடுக்க வேண்டும், எடுத்ததே தீர்ப்பு. அஞ்சம்மாளுக்கு எழுத வராது. சேட்டுவைத் தனியாகக் கூட்டிப்போய் அவன் காதில் சொல்லி எழுத வைத்தாள்.

எடுத்தேன். பேபி அக்காவின் சாய்ந்த எழுத்து. "போ."

திரும்பும்போது வேனில் எல்லோரும் விலாசம் எழுதிக்கொண்டோம்.

இன்று காலை டப்பாவைக் கழுவத் திறந்தால் மற்ற இரண்டு சீட்டும் உள்ளே. கனகவல்லியுடையது, "போகவும்." மூன்றாவது, சேட்டுவின் கோணல் எழுத்தில், "போய்கினே இரு."

ஒருத்தியாவது போகாதே என்று எழுதியிருக்கலாம். காலையிலிருந்து அந்தக் கோபத்தில் இருக்கிறேன். சீட்டு மூன்றையும் துடைத்து இந்த நோட்டுக்குள் வைத்திருக்கிறேன்.

10-2-92

கையெழுத்துப் போட்டாயிற்று.

28-2-92, வெள்ளி

பீச் ஆபீஸில் கடைசி நாள். எனக்குப் பதில் இனி யார் இடம் போடுவது என்று பெட்டியில் பேச்சு. யாராலும் முடியாது, மூன்று பேருமே நடுவில் ஏறுகிறவர்கள். நின்றுகொண்டு போகிறோம், இப்ப என்ன என்றாள் பேபி அக்கா. அந்த முட்டியோடு.

2-3-92, திங்கள்

செங்கல்பட்டில் முதல் நாள். புதுப் புடவை. அவர் ஸ்டேஷன் வரை வந்து வழியனுப்பினார், அப்படியும் இது நடந்தது.

படி ஏறினேன், இறங்கினேன். வண்டி நின்றிருந்தது, ஏறினேன். ஜன்னல். கர்ச்சீஃப், குடை, டிபன் பை போட்டேன். ஒரு அம்மாளிடம் "ஆள் வருதும்மா" என்றேன். வண்டி கிளம்பிச் சானடோரியத்தில் பேபி அக்கா ஏறி, என்னைப் பார்த்து, கம்பியைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தபோதுதான் எந்த வண்டியில் இருக்கிறேன் என்று புரிந்தது.

சிரிப்பில் அவளால் பேச முடியவில்லை. குடையையும் பையையும் என் கையில் திணித்தாள். குரோம்பேட்டையில் நான் இறங்க, கனகவல்லி ஏற, வாசலில் மோதிக்கொண்டோம். "மேடம், செங்கல்பட்டு அந்தப் பக்கம்" என்று கை காட்டினாள். முகத்தில் சிரிப்பே இல்லை, அதுதான் தாங்க முடியவில்லை.

கண்காணிப்பாளர் முதல் நாளே ஐம்பது நிமிஷம் தாமதம். வருகைப் பதிவேட்டில் எல்லோரும் பார்க்கும்படி.

கர்ச்சீஃபை எடுக்க மறந்துவிட்டேன். வண்டி நகரும்போது பார்த்தேன், பேபி அக்கா பக்கத்து இடத்தில் உட்கார்ந்து, அதை எடுத்து, ஜன்னல் இடத்தில் விரித்துக்கொண்டிருந்தாள். நின்றுகொண்டிருந்த ஒருத்தியிடம் ஏதோ சொன்னாள். என்ன சொல்லியிருப்பாள் என்று எனக்குத் தெரியும்.

பதினாலாம் தேதி இரண்டாம் சனிக்கிழமை, திருக்கழுக்குன்றம். அப்போது வாங்கிக்கொள்ள வேண்டும்.