பார்க்காமலே கொடுத்த சான்று

ஜூன் 3

கப்பலிலிருந்து என் பெயரை அழிக்கப் போகிறார்கள், அதனால்தான் எனக்குக் கோபம் என்று குடும்பத்தில் பேச்சு. பொய். என் கணவர் ஆசைப்பட்டு வைத்த பெயர் அது. இத்தனை வருடம் துருவோடு சேர்ந்து கடலில் நனைந்தது போதும், அழித்துக்கொள்ளட்டும். என் கோபம் வேறு. அது என்னவென்று யாரும் கேட்கவில்லை. ஆகவே இங்கே எழுதி வைக்கிறேன்.

அவர் போன பிறகு கப்பலில் பாதி எனக்கு, பாதி கொழுந்தனுக்கு. கப்பல் உறுதியாக இருக்கிறதா என்று சோதித்துச் சான்று தருகிற சங்கம், சரக்கு அறையின் பக்கத் தகடுகள் அரித்து மெலிந்துவிட்டன, தண்ணீரை வடித்துக் கப்பலைப் பழுதுபார்க்கும் டிரை டாக்கில் ஏற்றி மாற்றாமல் கடலுக்குப் போகக் கூடாது என்று சொல்லிவிட்டது. கொழுந்தன் தகட்டை மாற்றவில்லை. சங்கத்தை மாற்றுகிறார்! கூடவே கப்பல் எந்த நாட்டில் பதிவு என்று காட்டும் கொடியையும், பெயரையும்.

புதிய கொடி ஒரு மலை நாட்டினுடையது. அங்கே கடலே கிடையாது. பதிவான ஊரின் பெயரைக் கப்பலின் பின்புறம் எழுத வேண்டும் அல்லவா, அந்த ஊரில் ஒரு குளமாவது உண்டா என்று கேட்டேன்.

“சட்டப்படி செல்லும் அண்ணி.”

சட்டப்படி மிதக்குமா?

ஜூன் 5

காகிதங்களோடு வந்தார். கொடியை மாற்ற இருவர் கையெழுத்தும் வேண்டும்.

“எல்லாரும் பண்றதுதான் அண்ணி. டீ ஆறறதுக்குள்ள முடிஞ்சிடும்.”

“புதுச் சங்கத்து ஆய்வாளர் எப்போ வந்து பார்த்தார்?”

“அவங்க வரவே வேண்டாம். போட்டோ அனுப்பினா போதும்.”

“தகடு எவ்வளவு கனம்னு போட்டோவில் எப்படித் தெரியும்?”

“உங்களுக்கு எதுக்கு அண்ணி இந்தத் தலைவலி எல்லாம்?”

என் கணவருக்கு ஆங்கிலத்தில் எழுத வராது. பழைய சங்கத்துக்குப் போன கடிதம் ஒவ்வொன்றையும் எழுதியவள் நான். இந்தத் தலைவலி எனக்கு மணமான நாளிலிருந்து உண்டு.

கான்வென்ட்டில் பக்கத்து இருக்கைக்காரி ஒருத்தி, செய்யாத பரிசோதனைக்கு முடிவு எழுதிவிட்டாள். மதர் அவளை வகுப்பு முடியும்வரை நிற்க வைத்தார். அன்று கொடுமை என்று நினைத்தேன். இன்று அந்த மதரை இந்தச் சங்கத்துக்குத் தலைவியாக்க வேண்டும் போலிருக்கிறது.

ஜூன் 6

கப்பலை நேரில் பார்க்காமல் கையெழுத்துப் போட மாட்டேன் என்று சொல்லியாகிவிட்டது.

ஜூன் 9

பார்த்துவிட்டேன்.

ஏணியில் ஏறும்போது கொழுந்தன் கீழே நின்று, “அண்ணி, விழுந்துடுவீங்க” என்று கத்திக்கொண்டே இருந்தார். விழவில்லை.

மேல்தளம் முழுக்கப் புதுப் பெயின்ட். துருவைச் சுரண்டாமல் அதன் மேலேயே பூசியிருக்கிறார்கள். விரலால் தட்டினேன், பொருக்குப் பொருக்காகப் பெயர்ந்தது. கப்பலின் சமையல்காரர் அதைப் பார்த்துச் சிரித்தார்.

“பெயின்ட்தாம்மா கப்பலைப் பிடிச்சு நிறுத்துது. முதல்ல அதுக்குத்தான் சம்பளம் தரணும்.”

சரக்கு அறையைக் காட்டச் சொன்னேன். என் கையெழுத்து வந்துவிடும் என்ற தைரியத்தில் சரக்கை நிரப்பிவிட்டார்களாம். தகட்டைப் பார்க்க வழியில்லை என்றார் கேப்டன்.

“சரி, உயிர்காப்புப் படகை இறக்கிக் காட்டுங்கள்.”

ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். இறக்கினார்கள். படகு தண்ணீரைத் தொட்டதும் உள்ளே இருக்கும் நெம்புகோலை இழுத்தால் கொக்கி விட்டுவிட வேண்டும். விடவில்லை. இரண்டு ஆட்கள் சேர்ந்து இழுத்தார்கள். ஒருவன் சுத்தியலால் அடித்தான். ஊஹூம்.

போட்டோவில் அழகாக விழ வேண்டும் என்று கொக்கிக்கும் பெயின்ட் அடித்திருக்கிறார்கள்! மூட்டுக்குள் இறங்கி இறுகிவிட்டது. கப்பல் மூழ்கினால் படகும் கூடவே போகும், பளபளவென்று. அதற்குள் இந்த மனிதர்களும்.

இறங்கி வரும்போது கேப்டன் மெதுவாகச் சொன்னார்: “நான் வாயைத் திறந்தா வேலை போயிடும்மா. நீங்க திறந்தா என்ன போயிடும்?”

வீட்டுக்கு வந்து கையைச் சோப்புப் போட்டு மூன்று தரம் கழுவினேன். பெயின்ட் போய்விட்டது. அருவருப்பு போகவில்லை.

ஜூன் 10

மகன் போன் செய்தான். நலம் விசாரிக்க என்று நினைத்தேன்.

“அம்மா, உங்களுக்கு ஞாபகம் தடுமாறுதுன்னு சித்தப்பா சொல்றார். ஒரு டாக்டரைப் பார்த்துடலாமா?”

எனக்கா தடுமாறுது? எந்தக் கொக்கி, எந்தப் பக்கத்துப் படகு, யார் கையில சுத்தியல் இருந்துச்சு — கேளேன், சொல்றேன்! கேட்டானா? கேக்கலை. சீ.

கடைசியில், “அப்பா இருந்திருந்தா பேசாம கையெழுத்துப் போட்டிருப்பார்” என்றான்.

போட்டிருப்பாரா?

போட்டிருப்பார் என்றுதான் தோன்றுகிறது. இன்று சாப்பிடப் பிடிக்கவில்லை.

ஜூன் 12

துறைமுகத்தின் பாதுகாப்பு அதிகாரியைப் போய்ப் பார்த்தேன். சின்ன வயசுக்காரர்.

“உக்காருங்க பாட்டி. யாரைத் தேடி வந்தீங்க?”

“பாட்டி எல்லாம் உங்கள் வீட்டில். நான் மூன்றாம் மேடையில் நிற்கிற கப்பலின் பாதி உரிமையாளர்.”

எழுந்து நின்றுவிட்டார். நான் சொன்னதைக் கேட்டபின், “உங்க கப்பலை நீங்களே நிறுத்தச் சொல்றீங்களா மேடம்?” என்றார்.

“நீங்கள் போய் அந்த நெம்புகோலை ஒரு முறை இழுத்துப் பாருங்கள். விட்டால் நான் மன்னிப்புக் கேட்கிறேன்.”

ஜூன் 13

விடவில்லை. டிரை டாக்கில் ஏற்றிச் சரிசெய்யும்வரை கப்பல் நகரக் கூடாது என்று உத்தரவு.

ஜூன் 14

கொழுந்தன் வாசலில் நின்று தெருவே கேட்கக் கத்தினான். “சொந்தக் குடும்பத்து வயித்துல அடிச்சிட்டீங்களே அண்ணி! வெளியில எப்படித் தலைகாட்டுவேன்?”

“உள்ளே வந்து கத்து தம்பி, வெயிலில் நிற்காதே” என்றேன். வரவில்லை. இந்த வீட்டில் வளர்ந்தவன், என் கையால் சாப்பிட்டவன். அவனைப் பார்க்கவே கூசுகிறது.

ஜூன் 20

மகன் கூப்பிடவில்லை. நானும் கூப்பிடவில்லை.

ஜூன் 27

கப்பலின் இன்ஜினியர் டிரை டாக்கிலிருந்து பேசினார்.

“சரக்கு அறையில தகட்டைத் தட்டிப் பார்த்தோம்மா. சுத்தியல் அந்தப் பக்கம் போயிடுச்சு.”

“எந்தப் பக்கம்?”

“கடல் பக்கம்.”

நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். கேப்டன், சமையல்காரர், சுத்தியல் பிடித்தவன் — ஒவ்வொரு முகமாக வந்து போயிற்று.

டிரை டாக்கில் ஏற்றியதே தன் யோசனைதான் என்று கொழுந்தன் இப்போது எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறாராம். சொல்லட்டும்.

ஜூன் 30

புதிய சங்கத்திலிருந்து தபால். கொடிக்குத்தான் என் கையெழுத்து வேண்டும். சான்றுக்குக் கொழுந்தன் தனியாகவே விண்ணப்பித்திருக்கிறார். அருமையான காகிதம், தங்க நிற முத்திரை. ‘சரக்கு அறைத் தகடுகள் நேரில் ஆய்வு செய்யப்பட்டன. நல்ல நிலை.’

நேரில்!

பதில் எழுதி அனுப்பிவிட்டேன். நகல்:

ஐயா,

தங்கள் சான்று கிடைத்தது. தங்கள் ஆய்வாளர் எங்கள் கப்பலின் சரக்கு அறையில் இறங்கித் தகடுகளை நேரில் பார்த்ததாக அதில் உள்ளது. அப்படி ஒருவர் கப்பலில் ஏறியதைக் கேப்டனோ இன்ஜினியரோ மாலுமிகளோ பார்க்கவில்லை.

அந்தத் தகட்டிலிருந்து வெட்டி எடுத்த துண்டு ஒன்றை இத்துடன் வைத்திருக்கிறேன். உடையாமல் வந்து சேரும் என்று நம்புகிறேன். அதைத் தங்கள் ஆய்வாளரிடம் காட்டவும். அவர் பெயர் என்ன, எந்தத் தேதியில் கப்பலில் ஏறினார், எந்தத் தகட்டைத் தட்டிப் பார்த்தார் என்ற விவரங்களை எனக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டுகிறேன்.