தொட்டியில் கிடக்கும் மயில்

மார்ச் 12, செவ்வாய்

நீர்த்தேக்கம் வற்றியதில், அதில் மூழ்கிப்போன பழைய கோவிலின் மர மயில் வாகனம் சேற்றில் கிடைத்தது. பெரிய தொட்டி இருப்பதால் என் தேயிலைக் கடைக்குப் பின்னால் தண்ணீரில் போட்டிருக்கிறோம். தொல்பொருள் அதிகாரி யாழ்ப்பாணத்துக்காரர். போன வாரம் அதை அளந்து படம் வரைந்து எடுத்துக்கொண்டு, "காய விடாதேங்கோ, வெடிச்சுப்போகும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

நான் நம்பவில்லை. தேயிலையோ மரமோ, ஈரம் போனால்தான் பொருள் நிற்கும். கலங்கல் தண்ணீருக்குள் கிடந்தால், அவர் அசலை எடுத்துக்கொண்டு போலியைப் போட்டாலும் யாருக்குத் தெரியும்?

சாம்பிள் பார்க்காமல் எந்தச் சரக்கையும் நான் விட்டதில்லை. கழன்று கிடந்த மயில் கொண்டையை மட்டும் முந்தாநாள் எடுத்துப்போய், தேயிலைத் தொழிற்சாலை அடுப்பறையில் வைத்தேன்.

"அந்தாள களவாணின்னீங்க. இப்ப சாமி பொருளத் தூக்கிட்டுப் போறது யாருங்க?" என்றாள் மனைவி.

இன்று எடுத்துவந்தேன். சுருங்கி, நடுவில் பிளந்திருந்தது. மயிலின் தலையில் பொருந்தவில்லை. தொட்டியில் போட்டேன். முன்பு அடியில் கிடந்தது, இப்போது மிதக்கிறது.

அந்த மனிதர் சொன்னது உண்மைதான். நாளை படத்தோடு வருகிறார். கடைக்காரன் அசலை விற்றுவிட்டு ஏதோ விறகைப் போட்டிருக்கிறான் என்றுதான் நினைப்பார். அவர் இடத்தில் நான் இருந்தால் அப்படித்தான் நினைப்பேன்.