வெட்டிய பகுதி திரும்பி வந்தது

என் கண்ணான மகளுக்கு, அம்மா எழுதுவது. முழங்கால் வலியைத் தவிர எனக்கு ஒரு குறையும் இல்லை, உனக்கு அந்தக் குறைகூட இல்லாமல் இருக்க வேண்டும். தம்பி வேலைக்கு ஒழுங்காகப் போகிறான், சாப்பாட்டில்தான் ஒழுங்கில்லை. அங்கே குளிர் கடுமை என்றாயே, காதை மூடிக்கொண்டு வெளியே போகிறாயா?

போனில் சொன்னால் அழுதுவிடுவேன் என்றுதான் எழுதுகிறேன். அப்பாவின் புரோகிரசிவ் ராக் ஆல்பத்தை மறுபடி, சிடியாக வெளியிடுகிறார்கள். நீ பிறப்பதற்கு முன்னால், மரச்சாமான் கடைக்குப் பின்னாலிருந்த கிடங்கில், சுவரெல்லாம் பழைய மெத்தைகளைச் சாத்திவைத்துப் பதிவு செய்தது. அப்பா கிடார், நான் ஆர்கன், உன் மாமா டிரம்ஸ். இசைத்தட்டின் ஒரு பக்கம் முழுக்க ஒரே பாட்டு, தாளம் மாறிக்கொண்டே இருக்கும். "இதுக்கு ஆடுறவனுக்குக் கால் சுளுக்கிக்கும்" என்று மாமா சிரிப்பார். எல்லாம் முடிந்த பிறகு கம்பெனிக்காரர், பாட்டு இசைத்தட்டில் அடங்காது, கடைசிப் பகுதியை வெட்ட வேண்டும் என்றார். அதுதான் அப்பா தனியாக வாசித்த இடம். "வெட்டிக்குங்க" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். தட்டு விற்கவில்லை, குழு கலைந்தது, அவர் மருந்துக் கம்பெனி வேலைக்குப் போனார். ஆனால் உன்னைத் தூங்கவைக்கும்போதெல்லாம் அவர் விரல்கள் கட்டில் சட்டத்தில் அந்தப் பகுதியைத்தான் வாசித்துக்கொண்டிருக்கும்.

சிடியில் முழுப் பாட்டும் அடங்குமாம். வெட்டிய நாடாவை மாமா இத்தனை வருஷமாகப் பரணில் பத்திரமாக வைத்திருந்திருக்கிறார். போன வாரம் இருவரும் அதை எடுத்துக்கொண்டு ஸ்டூடியோவுக்குப் போனோம். அங்கே வேலை பார்க்கிற பெண், உன் வயதுதான், ஓடவிட்டாள். அப்பா போன பிறகு அவ்வளவு பக்கத்தில் அவரை நான் உணர்ந்ததே இல்லை கண்ணு. நீ இல்லையே என்று மாமாவின் கையைப் பிடித்துக்கொண்டேன். வாசிப்பு நின்றதும் கிடாரைக் கீழே வைக்கிற சத்தம். அப்புறம் அவர் குரல், "சரியா வந்துச்சா?" என்னைத்தான் கேட்டார். அன்றைக்குப் பதிவு ஓடிக்கொண்டிருந்ததால் தலையை மட்டும் ஆட்டினேன், நாடாவில் பதில் இல்லை. அந்தப் பெண், "பேச்சை எடுத்துடலாமாம்மா?" என்றாள். "இருக்கட்டும்மா, இன்னொரு தடவை அவரை வெட்ட வேண்டாம்" என்றேன். பிறகு, "ரொம்ப நல்லா வந்துச்சுங்க" என்று வாய்விட்டுச் சொல்லியிருக்கிறேன், மாமா அழுவதைப் பார்த்துதான் எனக்கே தெரிந்தது.

சிடி வந்ததும் அனுப்புகிறேன். வேலைக்கு நடுவே கேட்காதே. கிடார் நின்றதும் முடிந்துவிட்டது என்று நிறுத்திவிடாதே, கடைசிவரை ஓடவிடு. லீவு தந்தால் வா, தராவிட்டால் சண்டை போட்டு வாங்கிக்கொண்டு வா. நீ நூறு வருஷம் நன்றாக இருக்க வேண்டும்.

வாசலைப் பார்த்தபடி,
உன் அம்மா