என் கைக்குக் கீழே உன் பெயர்

உன் பெயரை நேற்றுத்தான் முதன்முதலாக வாசித்தேன்.

எழுபத்து மூன்று வயதில் மகளிடம் எழுத்துப் படித்தவன் நான். முதலில் தமிழ், பிறகு ஜெர்மன். ட்ராமில் போகும்போது கடைப் பெயர்களையெல்லாம் வாய்விட்டு வாசிக்கிறேன். பக்கத்தில் இருப்பவர்கள் எழும்பி இடம் மாறுகிறார்கள். அவ்வளவு சந்தோசம். அந்தச் சந்தோசத்தோடுதான் இந்தப் பலகையையும் வாசிக்கத் தொடங்கினேன்.

பலகை என் குசினி மேசையில் கிடக்கிறது. டுசல்டோர்ஃபில் நீயும் நானும் வேலை செய்த ஜப்பான் சாப்பாட்டுக் கடையை மூடுகிறார்கள். முதலாளி இதைக் கொண்டுவந்து, "உங்கட கைதானே, வைச்சிருங்கோ" என்று தந்துவிட்டுப் போனார். பலகையில் கறுப்பு மையில் பதிந்த என் வலது கை. அதன் கீழே ஜெர்மன் எழுத்துகள்.

"வாசியுங்கோ பாப்பம், அப்பா" என்றாள் மகள். ஒவ்வொன்றாகக் கூட்டினேன். உன் பெயர் வந்தது.

ஜப்பானிலிருந்து வந்த நீ சமைத்தாய், நான் கோப்பை கழுவினேன். உடைந்த ஜெர்மனில் பேசிக்கொண்டோம். 'அண்ணை' என்ற சொல்லை மட்டும் என்னிடமிருந்து எடுத்துக்கொண்டாய்.

"சுமோ மல்லன் எண்டால் மலை மாதிரி இருப்பான் எண்டெல்லோ நினைச்சன். நீ என்னிலும் கட்டையாய்க் கிடக்கிறாய்!" என்றேன் முதல் நாள்.

"என்ரை கதையே அதுதான், அண்ணை."

உயரம் காணாததால், சுமோவில் சேர அளக்கப் போகுமுன் உன் தலையில் நீயே அடித்து வீங்க வைத்தாய். நிறைக்காக வயிறு முட்டத் தண்ணீர் குடித்தாய். தரத்தில் கீழே உள்ளவன் கடைசியாகத்தான் சாப்பிடலாம்; மற்றவர்கள் இறைச்சியை அள்ளியபின் மிஞ்சிய கோவா இலைகளையும் சோற்றையும் தின்று பதினொரு வருடம் உடம்பு வளர்த்தாய். மோதும் கணத்தில் பக்கவாட்டில் பாய்ந்து பெரியவர்களை விழுத்துவாய். சனம் கூச்சலிட்டுப் பழிக்கும். சம்பளம் தரும் தரத்துக்கு ஒரே ஒரு வெற்றி மிச்சமாக இருந்த நாளில், இன்றைக்குப் பாயமாட்டேன் என்று நேராக மோதினாய். உன்னைப்போல் இரண்டு மடங்குக்காரன் உன் முழங்காலின் மேல் விழுந்தான். அதோடு எல்லாம் முடிந்தது.

அந்தத் தரத்தை எட்டியவர்கள்தான் கையை மையில் தோய்த்துப் பதித்துக் கொடுக்கலாம். கடையின் முன்வாசலில் மாட்டுவதற்கு முதலாளி உன் கையைக் கேட்டார்.

"ஏலாது. எனக்கு அந்த உரிமை இல்லை."

"இஞ்சை ஆருக்குத் தெரியப்போகுது?"

"எனக்குத் தெரியும்."

உன் ஓய்வு நாளில் முதலாளி என்னிடம் வந்தார். கையைப் பதித்துத் தரச் சொன்னார்; சும்மா சுவருக்கு வடிவாக இருக்கும் என்றார். எனக்கோ பெருமை. அகதியாக வந்த புதிதில் ஒரு அரசாங்கக் கந்தோரில் என் கையை மையில் அழுத்தி எடுத்தார்கள். கள்ளனைப்போல் கூசி நின்றேன். இப்போது அதே கையைச் சிரித்துக்கொண்டு கேட்கிறார்களே! கடலில் வலை இழுத்த அகலமான கை. நன்றாகவே பதிந்தது. கீழே என்ன எழுதினீர்கள் என்று கேட்டேன். "கடையின்ரை பேர்" என்றார்.

அடுத்த நாள் நீ அதன்முன் நின்றாய்.

"இது ஆரின்ரை கை?"

"என்ரைதான்! வடிவா இருக்கோ?"

என் முகத்தை நெடுநேரம் பார்த்தாய். எனக்கு வாசிக்கத் தெரியாது என்பது உனக்குத் தெரியும்.

"வடிவுதான், அண்ணை. பெரிய கை."

போய் லீக்ஸ் வெட்டத் தொடங்கினாய். நீ உண்மையைச் சொல்லியிருந்தால் நான் வெட்கப்பட்டிருப்பேன். அதற்காகத்தான் விட்டாய் என்று இப்போது விளங்குகிறது. அன்றிலிருந்து நீ முன்வாசலால் வரவேயில்லை. குப்பைத் தொட்டிகளைத் தாண்டிப் பின்பக்கத்தால் வந்தாய். முழங்கால் நோவுக்கு முன்படி ஏற ஏலாதாக்கும் என்று நினைத்தேன். பின்னால் மூன்று படி கூடுதல் என்பது நேற்றுத்தான் நினைவுக்கு வந்தது.

வருகிறவர்கள் அந்தக் கையோடு படம் எடுத்தார்கள். மூன்றாவது மாரிக் குளிரில் உன் இதயம் நின்றது. பலகையின் கீழே பூ வைத்தார்கள். அந்த இடத்தை ஏன் தெரிந்தெடுத்தார்கள் என்று நான் கேட்கவில்லை. நானும் ஒரு மெழுகுதிரி கொளுத்தினேன், என் கைக்கே.

இன்று காலை மகளிடம் தடித்த பேனா ஒன்று வாங்கி, உன் பெயரை எழுத்தெழுத்தாகக் கோடு போட்டு வெட்டினேன். கீழே என் பெயரைத் தமிழில் எழுதினேன். கொஞ்சம் கோணல்தான். உன் பெயரில் ஒரு கை இனி எந்தச் சுவரிலும் இல்லை, தம்பி. நீ விரும்பியது அதைத்தான்.

பலகையை அலுமாரிக்குள் வைத்துவிடுவேன். இந்த மடலை எழுதுவதும் அதே கைதான்.